இஞ்சித் தண்ணீரில் மாவுருண்டை

குந்தாரப்பள்ளிச் சந்தையில்தான் செய்தி கிடைத்தது. கோவிந்தனின் தம்பி ஒரு காளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "அண்ணன் போயிட்டான். திங்கக்கெழம எடுத்துட்டோம்," என்றான். அதற்குள் யாரோ காளையின் பல்லைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவன் திரும்பிக்கொண்டான். சந்தை நடந்துகொண்டிருந்தது.

சாமல்பட்டியில் உங்களுக்கெல்லாம் அவன் சிங்கப்பூர்க் கோவிந்தன். சிங்கப்பூரில் ஒரு துறைமுகக் கிடங்கில் நானும் அவனும் குமாஸ்தாக்கள். ஒரே அறை. ஊர் புதிது. எனக்குத் தெருவில் இறங்கவே கூச்சம். மாலையானால் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடா, இன்னிக்கி எந்த நாட்டுக்குப் போலாம்?" என்பான். மலாய்க்காரர் கரியில் வாட்டும் இறைச்சிக் குச்சி. ஜாவாக்காரி இலையில் மடித்துத் தரும் மீன். எதைத் தின்றாலும் ஊரில் அதற்கோர் உறவு கண்டுபிடிப்பான். இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கடலைக் குழம்பை நக்கிவிட்டு, "நம்ம கடலக்கா சட்னிக்கு இவன் சித்தப்பன்டா," என்றான்.

ஒருநாள் சீனர் ஒருவரின் வண்டியில் அரிசிமாவுருண்டை. இஞ்சியும் சர்க்கரையும் போட்ட சுடுதண்ணீரில் மிதந்தது. ராகிக் களியை மெல்வது நம் பக்கத்தில் கிடையாது. குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குவோம். கோவிந்தன் அந்த உருண்டையையும் விழுங்கினான். பாதியில் நின்றுவிட்டது. கண்கள் பிதுங்கின. வண்டிக்காரர் முதுகில் அறைந்து வெளியே வரவழைத்தார். பிறகு தன் பல்லைக் காட்டி, மாடு அசைபோடுவதுபோல் தாடையை அசைத்துக் காட்டினார். மூச்சு வந்ததும் கோவிந்தன் சொன்னான்: "களி திங்கத் தெரியாத ஊர்ரா இது." மறுநாளும் அங்கேதான் போனோம்.

இருவரும் ஊர் திரும்பியபின் நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன். அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். வழி சொல்லவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. பிறகு அதுவும் தயங்கியது. பார்க்கப் போயிருந்தேன்.

"அந்த உருண்ட வேணும்டா," என்றான். குரல் வெறும் காற்றாக வந்தது.

அவன் வீட்டு அடுப்பிலேயே செய்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கிண்ணத்தை முகத்தருகே வைத்து ஆவியை முகர்ந்தான். ஒரு கரண்டி இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். கடைவாயில் வழிந்தது. கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

"நீ தின்னு. நான் பாக்கறேன்."

தின்றேன். அவன் தாடையும் கூடவே அசைந்தது.

"மென்னு தின்னுடா," என்றான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான். இப்போது வீட்டில் களியை மெல்கிறேன். அம்மா சிரிக்கிறாள். பழையபடி விழுங்கியும் பார்த்தேன். இறங்கவில்லை.