பெயர் மேல் ஒட்டிய தாள்

1974, மே 19. அமெரிக்காவில், கிளீவ்லாந்தின் கிழக்குப் பகுதியில் எங்கள் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபைக்கு அன்று மகளிர் ஞாயிறு, பெண்களே ஆராதனை நடத்தும் நாள். முந்நூறு நிகழ்ச்சித் தாள்கள் அச்சாகி வந்திருந்தன. முந்நூறிலும் ஒரே இடத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அடியிலிருந்த எழுத்து தெரிந்தது: ‘சிறப்புரை, டாக்டர் ஆர்டெலியா டாலிவர்’.

எங்கள் பேட்டையிலிருந்து அறுவை மருத்துவரான முதல் பெண் அவர். அப்பா இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்றவர். மகள் படித்து முடித்து வந்தபோது நகரத்து மருத்துவமனை ஒன்று சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டு, ஏழு வருடம் மற்றவர்கள் அறுக்கும்போது காயத்தை விரித்துப் பிடிக்கும் வேலையை மட்டும் கொடுத்தது. அவரிடம் தையல் முடிச்சுப் போடக் கற்ற வெள்ளைக்காரப் பையன்கள் அவருக்கே மேலதிகாரிகள் ஆனார்கள். எட்டாம் வருடம்தான் கத்தி கைக்கு வந்தது. அந்த ஏழு வருடமும் அவருக்காகச் சபையே கொதித்தது.

பிறகு அவர் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசக் கிளம்பினார். அரசாங்க உதவிப் பணம் நம்மை முடமாக்குகிறது என்றார். எங்கள் பேட்டையில் யாரும் ஓட்டுப் போடாத குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். வெள்ளையர் நிறைந்த அரங்குகளில் மூவாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு ஒப்புதலில்லை. ஆனால் அவர் பேச ஆசைப்பட்டது ஒரே ஒரு இடத்தில்: பத்து வயதில் ஞானஸ்நானம் வாங்கிய சொந்த சபையில். அதைத்தான் பசை போட்டு மூடினார்கள்.

மூடியவர் வெர்னிஸ் காட்ஸ்டன். மகளிர் ஞாயிறுக் குழுவுக்கும் அவர்தான் தலைவி, ஆராதனையில் பரிசுத்த ஆவி வந்து விழுகிறவர்களைத் தாங்கி விசிறும் சபைத் தாதிகள் குழுவுக்கும் அவர்தான். ஆராதனைக்கு முன் கீழ்த்தளச் சமையலறையில் கோழி பொரிந்துகொண்டிருந்தபோது டாக்டர் அவரிடம் நேராகவே கேட்டார்.

“என் பேர் எங்க வெர்னிஸ்?”

“நம்ம வீட்டுக்குள்ள அவங்க கட்சிப் பாட்டு வேணாம் டாக்டரம்மா. அதுக்குத்தான் உங்களுக்கு மூவாயிரம் பேர் இருக்காங்களே.”

“அந்த மூவாயிரம் பேரு எங்கம்மா சாவுக்கு வந்தாங்களா? நீதானே பாத்திரம் கழுவின.”

“அந்த உரிமையிலதான் சொல்றேன். போய் உக்காருங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் மேலே போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். எல்லாப் பெண்களையும் போல வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி.

இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகர் குழுவிலிருந்த ஓசெல் ப்ரூட் விழுந்தாள். இருபத்தாறு வயது. அவளுக்கு ஆவி வருவது எல்லோருக்கும் பழக்கம். ஆர்கன் வேகமெடுத்தது, கைதட்டல் கூடியது. தாதிகள் ஓடிவந்து முழங்காலை வெள்ளைத் துணியால் மூடி, அட்டை விசிறியால் வீசினார்கள். டாக்டர் எழுந்து போனார். வெர்னிஸ் கையை நீட்டி மறித்தார்.

“தள்ளி நில்லுங்க. இங்க ஆவியானவர் வேலை செய்யறார். உங்க வேலை ஒண்ணுமில்ல.”

“ஆவி வந்தவ கையையும் காலையும் உதறுவா. இவ முழங்கால மடக்கிக்கிட்டு அசையவே பயப்படறா. மூஞ்சியப் பாரு, சாம்பலா இருக்கு. விடு.”

“பிரசங்கம் கிடைக்கலன்னு இங்க வந்து…”

டாக்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டு மண்டியிட்டார். ஓசெலின் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது.

“தலைவலின்னு ஆஸ்பிரின் முழுங்கறியா கண்ணு? எத்தனை நாளா?”

“மூணு மாசமா, டாக்டரம்மா… கத்தியால குத்துன மாதிரி இருக்கு.”

“ஆஸ்பிரின் அரிச்சு இரைப்பையில ஓட்டை. ஆர்கன நிறுத்துங்கய்யா! கார் எடுங்க!”

பாஸ்டர் கை உயர்த்திய பிறகுதான் ஆர்கன் நின்றது.

ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை மேஜையில் கிடத்தி, டாக்டரே அறுத்து ஓட்டையை மூடினார். ஓசெல் பிழைத்தாள். மறுவாரச் சபை அறிவிப்பில் ஆவியானவருக்கு நன்றி, தாதிகள் குழுவுக்கு நன்றி, காரோட்டிய டீக்கனுக்கும் நன்றி. கடைசியில் ‘உதவிய சகோதரி டாலிவர்’. டாக்டர் என்ற சொல்லைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. மருத்துவமனை ஏழு வருடம் செய்ததை நாங்கள் ஒரு வரியில் செய்தோம்.

அந்த வாரமே தானே சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் ஒன்றோடு வெர்னிஸ் மருத்துவமனைக்குப் போனார். ஓசெலைப் பார்த்துவிட்டு, நடைவழியில் டாக்டரைப் பிடித்தார்.

“அடுத்த வருஷம் நீங்கதான் பேசணும், குழுவுல முடிவாயிடுச்சு. ஓசெல எப்படிக் காப்பாத்தினீங்கன்னு சொல்லுங்க. அத மட்டும்.”

“மத்தது?”

“அது வேணாமே.”

“என் கையி மட்டும் வேணும், வாயி வேணாம். ஆஸ்பத்திரியும் இதத்தான் சொல்லிச்சு வெர்னிஸ். பலகாரத்த வச்சுட்டுப் போ, அத நல்லாத்தான் செய்வ.”

அடுத்த வருட மகளிர் ஞாயிறில் டெட்ராய்டிலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியை பேசினார். டாக்டர் டாலிவர் வெள்ளை உடையில், அதே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.