சில்லுக்கு வைத்த பொட்டு

ஒருநாள் சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியபோது புவனேஸ்வரியின் வீட்டில் தோசை மாவு பாத்திரத்தின் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. மாடியில் குடியிருந்த இளங்கோவன், "நான் பஸ் ஸ்டாண்டுலயே சாப்டுட்டேன்கா" என்றான். பிறகு கொல்லைக் குழாயடியில் அவன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

செவிலிமேட்டிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. ஒருநாள் சின்ன டப்பாவைத் திறந்து, நகத்தளவு கறுத்த சில்லு ஒன்றைக் காட்டினான். அதன்மேல் லட்சக்கணக்கான காந்தத் தட்டுகள் வரிசையாக இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"சூடா இருக்கும்போது ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் பாக்கும்கா. ஆறிக்கினே வரும்போது ஒரு சூட்டுல எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துடும். கோயில் வாசல் கூட்டத்துல நாலு பேர் திரும்பினா, பக்கத்துல பக்கத்துலன்னு மொத்தக் கூட்டமும் திரும்புதில்ல? அந்த மாரி. எந்தச் சூட்டுல திரும்புதுன்னு கண்டுபிடிக்கணும்."

"அதுல சாமி எங்கப்பா?"

"சாமியே கிடையாதுக்கா. பக்கத்துல இருக்கறதுங்கதான்."

"சாமி வராம கூட்டம் திரும்புமா? நல்ல கதை!" என்று சிரித்தாலும், அவளுக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்று ராத்திரி இளங்கோவன் சில்லோடு பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே பெரிய கருவியில் அளக்க வெகுநாள் காத்திருந்து கிடைத்த முறை. அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் புவனேஸ்வரி அந்த டப்பாவையும் எடுத்துவந்து பூஜைக்கு வைத்திருந்த, தங்கள் தறியில் ஊடைநூல் ஓட்டும் நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடிக்குப் பொட்டு வைத்தால் போதுமா? நாடாவுக்குத்தானே வைக்கிறோம், அதை வைக்கிற பெட்டிக்கா வைக்கிறோம்? டப்பாவைத் திறந்து, சில்லுக்கே சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

அவள் கணவர் தணிகாசலம் பார்த்துப் பதறினார். "அடிப்பாவி! அதுல தூசியே படக்கூடாதுன்னு சொன்னானேம்மே!"

அவள் அவசரமாக ஈரத்துண்டால் அழுந்தத் துடைத்து, மூடி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை.

இளங்கோவன் முகம் செத்துத் திரும்பி வந்தான். "தட்டெல்லாம் உரிஞ்சி கிடக்குதுக்கா. நான் சரியா ஒட்ட வைக்கல போல." அன்று முதல் செய்முறையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தான். அந்தக் கருவியில் அளக்க மறுபடி வாய்ப்புக் கிடைக்கவேயில்லை. புவனேஸ்வரி ஏகாம்பரநாதருக்கு விளக்கேற்றினாள், பிரதோஷ விரதம் இருந்தாள். அவன் சோறு வேண்டாமென்று மாடியேறும் ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிடலாம் என்று அவன் அறை வாசல்வரை போவாள். சாமியிடம் சொல்ல முடிந்தது. அந்தப் பிள்ளையிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

கடைசியில் ஆராய்ச்சிக்கான கெடு முடிந்து, ஓசூரில் ஏதோ கம்பெனி வேலைக்குக் கிளம்பினான். ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

அவன் பெட்டியை ஆட்டோவுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

"அழுந்தத் துடைச்சதுலதான்கா உரிஞ்சிருக்குது. குங்குமத்தோட விட்டிருந்தாகூட லேப்ல கழுவிப் பாத்திருப்பேன்கா. இத்தினி நாளா என் கையைத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றான். அவள் தலை நிமிரவில்லை. அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, எட்டிப் பார்த்தான்.

"அடுத்து மாடிக்கு வர்றவனுக்கும் பூஜை போடுங்கக்கா. பொட்டு வெச்சா, வெச்சேன்னு அப்பவே சொல்லிடுங்க."