கம்ப்யூட்டர் வந்தது, சாவி வரவில்லை

காலை ஒன்பது மணி, வாசலில் மூன்று கார்கள், முதல் கார்க்காரர் பெயர் செல்வம்: தாம்பரத்தில் பழைய கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டரைப் பார்த்துச் செலவு சொல்லும் என் வேலை இப்படித்தான் தொடங்கும், பெரும்பாலும் யாராவது ஒருவரின் முகம் தொங்கிப்போவதில் முடியும். பழைய கார் வாங்கிப் பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விலை

செல்வம் ஊரப்பாக்கத்துக்காரர். கடனில் பழைய கார் வாங்கி, ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தார். 2005 மழையில் கார் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைக் கழற்றித் திறந்தேன். உள்ளே சேறு, பின்களில் பச்சை பூத்திருந்தது. இன்ஜினுக்கு எப்போது பெட்ரோல் விடுவது என்று சொல்கிற பெட்டி அது. அது போனால் கார் வெறும் தகரம்.

புதியது போட்டால் கார் வாங்கிய விலையில் பாதி ஆகும் என்றேன். செல்வம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் காசுக்கு எம் பையனுக்கு நெஜ கம்ப்யூட்டரே வாங்கிடலாமே சார், அதுலயாவது கார் ஓடும்."

பெட்டி

பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் அதே மாடலின் பழைய பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். மாட்டினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. சாவியின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும். தன்னோடு பிறந்த சில்லைப் பார்த்தால்தான் பெட்டி இன்ஜினை ஓட விடும். பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பதிவை அழித்து மாற்றி எழுதும் கருவி அப்போது எங்கள் பக்கம் யாரிடமும் இல்லை.

விற்றவருக்கு என் கடையிலிருந்தே போன் போட்டோம். அந்தப் பெட்டி இருந்த நொறுங்கிய வண்டியை மறைமலை நகரில் ஒரு வீட்டில் வாங்கினாராம். ஒரு சாவி விபத்திலேயே போய்விட்டது, இன்னொன்று அந்த வீட்டில் இருக்கலாம் என்று முகவரி சொன்னார். சாவி இல்லாத பெட்டியை ஏன் விற்றாய் என்று செல்வம் கத்தியதற்குப் பதில் வந்தது: "பொட்டி நல்லாத்தான்பா கீது, ஓனர்தான் பூட்டாரு."

காப்பி

செல்வம் மறைமலை நகருக்குப் போனார். மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றார். தவணைக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று தன் மனைவி அழுததை முதலில் சொன்னார். சாவி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"செத்தவரோட ஃபிரெண்டுன்னு சொல்லிக்கினு போனேன் சார். அந்தம்மா போன் நம்பர்லாம் வாங்கிக்கினு காப்பி குடுத்துச்சு. எதுத்தாப்ல மாலை போட்ட போட்டோ. எப்டி சார் கேக்கறது? குடிச்சிட்டு வந்துட்டேன்."

இருமல்

அந்த அம்மாள், விமலா, தானே செல்வத்துக்குப் போன் செய்திருக்கிறார். "அவரோட ஃபிரெண்ட்ஸ் எல்லாரையும் எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதும் செல்வம் உண்மையைச் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை விமலா ரயிலேறித் தாம்பரம் வந்தார். கைப்பைக்குள் சாவி. நான் கை நீட்டினேன், தரவில்லை. "முதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. நான் கேக்கணும்."

அவர் சாவி இந்தப் பூட்டில் நுழையாது, பக்கத்தில் பிடித்தாலே போதும் என்றேன். பிடித்துக்கொண்டார். செல்வம் தன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் செல்வம். விமலா அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை அணைத்ததும் சாவியை என் கையில் வைத்தார்.

"அவர் எடுக்கறப்போ வண்டி முதல்ல ஒரு தடவை இருமும். நான் உள்ள இருந்தே கேப்பேன். இது இருமல. இது வேற வண்டி, வச்சுக்குங்க."

அந்தச் சாவியை ஸ்டியரிங்குக்கு அடியில் டேப் சுற்றி ஒட்டினேன்; செல்வம் மறுபடி ஏர்போர்ட்டுக்கு ஓட்டினார்.

2009 மார்ச்சில், புரோக்கர் மூலம் அந்தக் காரை வாங்கிய ஒருவர், ஸ்டியரிங்குக்கு அடியில் யாரோ ஒட்டிவைத்திருந்த பழைய சாவியைப் பிய்த்து எறிந்ததிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றும், என்ன செலவாகும் என்றும் கேட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார்.