நஸாரின் பச்சைக் கோடு

நஸார் மௌத்தான செய்தியை அவருடைய மச்சான் தொலைபேசியில் சொன்னபோது நான் பாண்டிருப்பில் காலைத் தேநீரோடு இருந்தேன். "அண்ணன், லேசாப் போயிட்டார்," என்றார். சிறுநீரக நோயோடு நஸார் பட்ட பாட்டை அறிந்த எனக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருந்தது. மச்சான் தொடர்ந்தார்: "அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். பொத்துவில் ராத்தாட போன் வேலை செய்யுதில்ல. நீங்க அறிவித்தலக் கெதியாப் போட்டா அங்க யாராவது பார்த்துச் சொல்லுவாங்க. ஜனாஸா எடுக்க முன்னம் அவ தம்பிட முகத்தப் பார்க்கணும்."

நஸாரும் நானும் வேலை செய்த செய்தித்தளத்தை அறிந்தவர்களுக்கு அதன் மரண அறிவித்தல் பகுதியும் தெரிந்திருக்கும். காலையில் மௌத்தானவரை மாலைக்குள் அடக்கும் ஊர்களில் அது பிந்தவே கூடாது. அறிவித்தல்கள் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்துதான் வாசகரின் தொலைபேசிக்குப் போகும். அதில் ஒரு குறி பிழைத்தாலும் முழுப் பட்டியலும் வெறுமையாகிவிடும்.

ஒரு நாள் அப்படித்தான் ஆனது. இறந்தவரின் பெயரோடு குடும்பக் கடையின் பெயரையும் போடுவது இங்கே வழக்கம். யாரோ ஒருவரின் கடைப் பெயரில் '& சன்ஸ்' இருந்தது. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறி தனியே நிற்கக்கூடாது. பட்டியல் மறைந்தது, மருதமுனையில் ஒருவர் தன் கூட்டாளியின் அடக்கத்துக்குப் பிந்திப் போனார். நஸார் யாரையும் ஏசவில்லை. "நம்மட ஊர்க் கடை எல்லாத்திலயும் மகன்மார் இருக்காங்க அண்ணன். பிரவுசருக்குத்தான் அவங்களப் பிடிக்கல்ல," என்றார்.

பிறகு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்னப் பக்கம் எழுதித் தந்தார். அனுப்புமுன் அறிவித்தலை அதில் ஒட்டினால், உலாவியே அதை எக்ஸ்எம்எல்லாக வாசித்துப் பார்க்கும். சரியென்றால் பச்சைக் கோடு. பிழையென்றால் சிவப்புக் கோடும் எந்த வரி என்ற விவரமும். "பிழை இருந்தா பிரவுசர் சத்தம் போடாது. தான் தர்ற பதிலுக்குள்ளயே வெச்சிட்டுச் சும்மா இருக்கும். நாமதான் தேடிப் பார்க்கணும்," என்று விளக்கினார். சிவப்பைக் கண்டு நான் பதறும்போதெல்லாம், "அனுப்ப முன்னம் சிவந்தா நல்லம்தானே அண்ணன்," என்பார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார்: "என்ட அறிவித்தல்ல வாப்பாட கடைப் பேர விட்டுராதீங்க. ஆனா செக் பண்ணிப் போடுங்க. இல்லாட்டி என்னோட சேர்த்து மத்த மையித்தும் காணாமப் போயிரும்."

மௌத்தான அன்று காலை, மச்சான் அனுப்பிய வரிகளை அந்தப் பக்கத்தில் அப்படியே ஒட்டினேன். சிவந்தது. அது கடைப் பெயர் இருந்த வரி. '&' இருந்த இடத்தில் '&' என்று மாற்றினேன். பச்சை வந்தது. அனுப்பினேன்.

அஸருக்கு முன்பே, நான் போய்ச் சேர்ந்திருந்த நஸாரின் கல்முனைக்குடி வீட்டின் முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. ராத்தா இறங்கினார். "பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல காட்டினா. உடுத்த உடுப்போட வந்துட்டன்," என்றபடி உள்ளே போனார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகே ஜனாஸா எடுத்தார்கள். நான் முற்றத்தில் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அறிவித்தலை அனுப்பியதிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன்.

நஸாருடையதில் என்னிடம் இருப்பது அந்தப் பக்கம். இணையம் இல்லாத நேரத்திலும் என் கணினியில் வேலை செய்கிறது. சிவப்பு வந்தால் இப்போது நான் பதறுவதில்லை.