பெற்றோர் கூட்டத்துக்கு வந்த இசக்கி அப்பா

அடையாறில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேளையில் மூச்சுவிட நேரமிருக்காது. வெறும் வயிற்றோடு வருகிற பெரியவர்கள் பசியில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு காலையில்தான் நம் பள்ளியின் பழைய பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு புகைப்படம், கண்ணீர் அஞ்சலி, பரமசிவன், கீழே கடை நண்பர்கள். பரமசிவன் யாரென்று எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது இசக்கி அப்பா என்று புரிந்தது.

பள்ளிக்கூட வாசலில் நமக்கெல்லாம் பெயர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஜெனி அம்மா, அவர் இசக்கி அப்பா. அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துச் சைதாப்பேட்டைக்கு வந்தேன். அவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் இஸ்திரி போடும் அம்மா சொன்னாள்: "பாடிய விடியக்காலயே தென்காசிக்கு எத்துக்கினு போய்ட்டாங்கக்கா. நேத்து காத்தால பல்லு வெளக்கிக்கினே இருந்தவரு அப்டியே உக்காந்துட்டாராம். பொண்ணும் கூடவே போய்க்கீது." துக்கம் கேட்கக்கூட அங்கே ஆளில்லை. கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதால், அவரை அறிந்த உங்களிடம் நம் பள்ளி ஆண்டு மலர் வழியாகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லோரும் டீச்சர்கள். மாதா கோயில், கான்வென்ட், வீடு, இந்த மூன்றுக்கும் நடுவில்தான் எங்கள் வாழ்க்கை. என் வீட்டுக்காரர் என்னையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போன பிறகு நான் சைதாப்பேட்டையில் வாடகைக்கு வந்தேன். தெரு முனையிலிருந்த மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் ஜெனியை மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். பேசினால், "உன் பிடிவாதத்துக்குக் குழந்தை என்ன செய்யும்?" என்பார்.

அந்த வருடம் முதல் பெற்றோர் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். அறை முழுக்க அம்மாக்கள். கடைசியில் ஓர் ஆண், பெஞ்சு காலியாக இருந்தும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. நாளெல்லாம் மெத்தையில் அமர்ந்து சேலை விரித்துக் காட்டிய பழக்கம், பெஞ்சு அவருக்கு ஒட்டவில்லை. "வீட்ல அம்மா வரலீங்களா?" என்று தலைமையாசிரியை கேட்டார். "அவ தவறிட்டா டீச்சர். பிள்ளைக்கு நான் மட்டுந்தான்" என்றார். சிரித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் நிறுத்திக்கொண்டார்கள். கூட்டம் நடக்கும் நாளைப் பார்த்துத் தன் வார விடுப்பை மாற்றி வாங்கியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கடையில் அதற்காக யாரிடம் எவ்வளவு கெஞ்சினாரோ.

அந்த ஆண்டே பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். வாய் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பதவி ஏற்ற கையோடு ஓர் இடி விழுந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதால் பள்ளியை மூடி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. நான் கொதித்தேன். மனு எழுத வேண்டும், மண்டல அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும் என்று கத்தினேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். இசக்கி அப்பா மட்டும் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்.

"ஜெனி அம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இந்தப் பள்ளிக்கூடம் போச்சுன்னா எம்புள்ள எங்கூட இருக்க முடியாது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். காலையில் அவர் இசக்கியைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். கடை மூடி வீடு வந்து சேர இரவு பத்தரையாகிவிடும். சாயங்காலம் அவள் தானே இரண்டு சந்து நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள், இஸ்திரிக்கார அம்மா ஒரு கண் வைத்துக்கொள்வாள். லாரியும் பஸ்ஸுமாகப் போகிற பெரிய சாலையைத் தனியாகக் கடக்க அந்தக் குழந்தையை எப்படி விடுவது? ஊரில் அவருடைய அக்கா இருக்கிறாள். பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டுக் கடை விடுதியில் மற்ற ஆட்களோடு படுத்துக்கொள் என்று சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். "அங்கன நாப்பது பேரு வரிசையா படுத்திருப்பாங்க. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்கதான். போன்ல போட்டோவப் பாத்துட்டுத் தூங்கிருவாங்க. என்னால ஆவாது" என்றார்.

மனுவில் அவருக்கு நம்பிக்கையில்லை. "மடிச்சு அடுக்கி வச்ச சேலைய எவளும் வாங்க மாட்டா. பிரிச்சுக் காட்டணும். நாம பள்ளிக்கூடத்தப் பூட்டி வச்சுக்கிட்டு, யாரும் வரலையேன்னு அழுதுட்டு இருக்கோம்" என்பார். அது உண்மைதானே. அதுவரை பெற்றோரெல்லாம் இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றே பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டுப் போவோம். ஊர்க்காரர்களை உள்ளே கூப்பிட்டு வகுப்பு நடக்கும்போதே பின்னால் உட்கார வைக்கலாம் என்று அவர் சொன்னபோது தலைமையாசிரியை மிரண்டுபோனார். ஒரு வாரம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

பிறகு வீடு வீடாகக் கூப்பிடப் போனோம். ஆற்றோரக் குடியிருப்பில் ஒரு பெண் குழாயடியில் நின்றபடியே, "இன்னா, எலெக்சன் வந்துட்ச்சா? எந்தக் கட்சி நீங்க?" என்றாள். நான் பல்லைக் கடித்தேன். இசக்கி அப்பா கடைச் சிரிப்பைச் சிரித்தார். "கட்சியில்லம்மா, பள்ளிக்கூடம். வந்து பாருங்க. பாக்கதுக்குக் காசில்ல. பிடிச்சா எடுங்க, இல்லன்னா வச்சுட்டுப் போங்க" என்றார். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பி வரும்போது, "இப்படியா பேசுவாங்க? பள்ளிக்கூடம் என்ன பட்டுப்புடவையா?" என்று திட்டினேன். "வாரேன்னு சொல்லிட்டால்லா?" என்றார்.

அந்தப் பெண் வந்தாள். நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் அன்று அவர் செய்த காரியத்துக்கு அவரை அங்கேயே கடித்துக் குதறியிருப்பேன். வந்தவர்களை நேராக, மழைக்கு ஒழுகுகிற நான்காம் வகுப்புக்கு அழைத்துப் போய்விட்டார். சுவரெல்லாம் ஈரம், மூலையில் வாளி. தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அவரைத் தனியே இழுத்து, "உங்களுக்கு மூளை இருக்கா? மூட வேண்டிய பள்ளிக்கூடம்னு நாமளே காட்டிக் குடுக்கறதா?" என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சேதாரத்த நாமதான் மொதல்ல காட்டணும். வீட்டுக்குப் போயி அவங்களே கண்டுபிடிச்சாங்கன்னா மறுபடி கடைப்பக்கம் வர மாட்டாங்க."

குழாயடிப் பெண் ஈரச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "இத்த சரி பண்ண மாட்டீங்களா?" என்றாள். "நாங்க ரெண்டு பேரு கேட்டா சிரிக்காங்க. நீங்களும் வந்து கேட்டா பயப்படுவாங்க" என்றார் இசக்கி அப்பா. அதற்குள் வகுப்பில் பாடம் தொடங்கிவிட்டது. அவள் பின்னால் போய் உட்கார்ந்து, டீச்சர் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகளுக்கு முந்திப் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். தன் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தாள். கூரை விஷயமாக மண்டல அலுவலகத்துக்கு என்னோடு நடையாய் நடந்ததும் அவள்தான். அவள் குரலுக்கு முன்னால் என் குரல் ஒன்றுமேயில்லை. அந்த ஆண்டு மூடும் பேச்சு நின்றது, அடுத்த ஆண்டு யாரும் அதை எடுக்கவில்லை. நன்றி என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இனி சொல்வதை அச்சில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்கும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் முடிந்து வேப்ப மரத்தடியில் கால் மணி நேரம் பேசுவோம். பெரும்பாலும் கழிவறைக் குழாய், சத்துணவில் முட்டை, ஜெனியின் கணக்கு, இசக்கியின் பேன் தலை. அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரத்துக்காக மாதம் முழுக்கக் காத்திருந்தவள் நான். அவருக்கும் அப்படித்தான் இருந்ததா என்று இனிமேல் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒருநாள் ஒரு அம்மா, "இன்னாக்கா, இசக்கி அப்பா இன்னும் வர்லயா? மொகமே வாடிக்கீது!" என்று எல்லோர் முன்னிலும் கேட்டுச் சிரித்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் படியேறி வந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து கூட்டம் முடிந்ததும் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். மனைவியை இழந்தவர், கணவன் விட்டுப்போனவள், ஊர் வாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் என் பெயரைக் காப்பாற்றினார். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

ஒரே ஒரு தடவை அவரைக் கடையில் பார்த்தேன். அக்கா மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோடு போயிருந்தேன். அவர் மெத்தையில் உட்கார்ந்திருந்தார், பின்னால் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். "வாங்க மேடம், என்ன கலர்ல பாக்கறீங்க?" என்றார். புடவை புடவையாக விரித்துப் போட்டார். தெரிந்தவர் என்று ஒரு சிறு தலையசைப்புகூட இல்லை, அந்த இடத்தில் அது முடியாது என்பதும் எனக்குப் புரிந்தது. வெளியே வந்ததும் அம்மா, "அந்த ஆள் பொறுமையான ஆள்" என்றார். ஆமாம் என்றேன்.

நம் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. பிள்ளைகள் படிக்கும்வரைதான் நாமும் பெற்றோர். சென்ற ஆண்டு எங்கள் இருவர் பிள்ளைகளும் முடித்து வெளியே வந்தார்கள். இசக்கியை அவர் பக்கத்திலிருந்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தார். நான் அம்மாவின் பேச்சுக்குத் தலையாட்டி, கன்னியாஸ்திரியான என் சித்தியிடம், திருச்சிக்கு ஜெனியை அனுப்பினேன். நல்ல விடுதி, நல்ல பெயருள்ள பள்ளி. அதன் பிறகு எனக்கும் வெள்ளிக்கிழமை இல்லை, அவருக்கும் இல்லை. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, "ஜெனி சௌக்கியமா? லீவுக்கு வருதாளா?" என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு வருவாள் என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். பஸ் வந்துவிட்டது.

காரியம் முடிந்து சென்ற வாரம் இசக்கியும் அவளுடைய அத்தையும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். இஸ்திரிக்கார அம்மா போன் செய்து சொன்னாள், ஓடினேன். என் வீட்டில் இருக்கட்டுமே, படிப்பை முடிக்கட்டுமே என்று அத்தையிடம் கேட்டும் பார்த்தேன். "உங்க மனசுக்கு நல்லாருப்பீங்கம்மா. ஆனா எந்தம்பி புள்ள, நான் வச்சுக்கிடுதேன்" என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் நான் யார்?

அலுவலக அறையில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை இசக்கியைப் பார்த்துக் கண் கலங்கினார். "பாவம்டா கண்ணு, அம்மாவும் இல்லாம, இப்ப அப்பாவும் இல்லாம..." என்றார்.

இசக்கி அழவில்லை. "அப்பா கூட வேல பாக்குற அண்ணாச்சிங்க புள்ளைங்கள்லாம் ஊர்ல கீதுங்க டீச்சர். அதுங்க அப்பாவ பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் பாக்குங்க. எனக்கு தெனமும் அப்பா இருந்துச்சு" என்றாள்.

வெளியே வந்து, நின்ற இடத்திலிருந்தே ஜெனியின் விடுதிக்குப் போன் செய்தேன். பிள்ளைகள் படிக்கிற நேரம், ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் பேசலாம் என்றார்கள். ஞாயிறுவரை காத்திருந்து பேசினேன்.

"இந்த வருஷப் பரீட்சை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடு ஜெனி. இங்கயே கவர்மென்ட் ஸ்கூல் இருக்கு."

"பாட்டி திட்டுவாங்களே மம்மி."

"திட்டட்டும்."

பிறகு, "நாம தெனமும் சண்ட போடுவோமே, பரவால்லியா?" என்றாள்.

பரவாயில்லை என்றேன். இசக்கி அப்பாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். என் பிள்ளை தினமும் என்னோடு இருப்பாள்.