கொம்பூதிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எங்கள் நால்வருக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. ஃபோனில் ஆடுகிற ராஜ்ய விளையாட்டு. டிராகன் உண்டு, சூனியக்காரி உண்டு, நெருப்பு அம்பு விடும் பெண்கள் உண்டு. கட்டம் கட்டமாகப் படையை நகர்த்த வேண்டும். ஒருவன் தன் முறையை ஆடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம், அடுத்தவன் தனக்கு நேரம் வாய்க்கும்போது ஆடுவான். நான் நாமக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பேப்பர் வேலை பார்க்கிறவன். ஒருவன் ராசிபுரத்தில் தறி வைத்திருந்தான், ஒருவன் கோழிப்பண்ணை. நான்காவது ஆள் லாரி டிரைவர். நால்வரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் நாங்கள் அந்த டிரைவரை வைத்துச் சிரித்தோம். அந்த இரண்டு வருடமும் அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எதைப் பார்த்துச் சிரித்தோமோ அதுவே நோயின் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் நான்.

அந்த விளையாட்டில் ஒரு கிழவன் வருவான். கையில் ஒரு கொம்பு, இடுப்பில் காய் நறுக்கக்கூட உதவாத ஒரு கத்தி. ஆட்டம் தொடங்கும்போதே எல்லாருடைய படையிலும் ஓசியில் நிற்பான். இரண்டாம் நாளே அவனைத் தூக்கிவிட்டு டிராகனை வைத்துக்கொள்வார்கள். அவனுக்கு இங்கிலீஷில் என்னவோ ஒரு பெயர், நாங்கள் கொம்பூதி என்போம். டிரைவர் மட்டும் அவனை விடவே இல்லை. பாவம், கூப்பிடாமலே வந்து நிற்கிறான், அவனை எப்படித் துரத்துவது என்றான். அன்று பிடித்தது எங்களுக்கு எகத்தாளம்.

சண்டை முடிந்ததும் எங்கள் வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவன் "கொம்பூதி எங்க?" என்று கேட்க வேண்டும். "டீ குடிக்கப் போயிருக்கான்" என்று அடுத்தவன் பதில் போட வேண்டும். அது சட்டம். ஜெயித்த படையின் படத்தைப் போட்டால் கொம்பூதி நிற்கும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட வேண்டும். அதுவும் சட்டம். தறிக்காரன் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றோம். போட்டோக்காரர் நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க என்று தொண்டை வற்றக் கத்தினார். கொம்பூதிக்கு வேண்டுமே என்றோம். நாங்கள் குடித்திருக்கிறோம் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார்.

டிரைவரும் சளைத்தவன் இல்லை. லோடு இறக்கக் காத்திருக்கும் இடத்திலிருந்து, கொம்பூதி ஓய்வெடுக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று போடுவான்.

ஆனால் அவன் கொம்பூதியைப் படுத்திய பாடு இருக்கிறதே. கண்ணெதிரே முதலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், நேராக அதன் வாயில் கொண்டுபோய் விடுவான். பாலம் ஒரு கட்டம் தள்ளி இருக்கும், கழுத்தளவு தண்ணீரில் இறக்குவான். பண்ணைக்காரனுக்குச் சிரித்தே வயிறு புண்ணாகும். கிழவனுக்கு வாழ்க்கை வெறுத்துப்போய்த் தானாகவே குதிக்கிறான் என்பான்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது செத்தால் மறுநாள் முக்குக்கு முக்கு கண்ணீர் அஞ்சலி தட்டி முளைத்துவிடும். இரண்டு குத்துவிளக்கு, பறக்கிற புறா, நடுவில் ஆளின் படம், கீழே வருந்துவோர் பட்டியல். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதேபோல் கொம்பூதிக்கு ஒன்று செய்தேன். அவன் ஒவ்வொரு முறை செத்தபோதும் ஒரு தட்டி. முதலில் கிழவன் படத்தை வைத்தேன். அப்புறம் சப்பென்று ஆகிவிட்டது. டிரைவர் படத்தை எடுத்து, அதற்குக் கொம்பு மாட்டி வைத்தேன். சனியன் என் கையில்தான் உட்கார்ந்திருந்தது.

மூன்று தட்டி போன பிறகு, அவன் ஃபோனில் அதைப் பார்த்துவிட்டு அவன் மனைவி எனக்கு ஃபோன் செய்தாள். சத்தம் போடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் குரலே எழும்பவில்லை.

"ஏனுங்கண்ணா, வெளையாட்டுக்குன்னாலும் இப்படிப் பண்ணலாமுங்களா? எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சுங்க. அவரு வேற இப்பெல்லாம் ஊட்டுக்குள்ள நடக்கறதே ஒரு மாதிரி இருக்குதுங்க."

என்ன மாதிரி என்று கேட்டேன். இடது பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார், இடது கைப் பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டு, இங்கே யார் வைத்தது என்று கத்துகிறார் என்றாள். தூக்கம் பத்தாமல் இருக்கும், வண்டி ஓட்டுகிறவனுக்கு அப்படித்தான் என்று பெரிய டாக்டர் மாதிரிச் சொல்லி வைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். தட்டியை நிறுத்திவிட்டேன், சிரிப்பை நிறுத்தவில்லை.

அவன் பிறந்த நாளுக்குக் கொம்பூதியின் சாவுகளையெல்லாம் கோத்து ஒரு வீடியோ செய்யலாம் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். குழுவில் போட்ட படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்கினேன். முதலை. தண்ணீர். குழி. சூனியக்காரி. பத்துப் பன்னிரண்டு அடுக்கியதும் கை நின்றுவிட்டது. எல்லாச் சாவும் இடது பக்கத்திலிருந்தே வந்திருந்தது. வலது பக்கம் வந்த எதிரியிடம் கொம்பூதி ஒருமுறைகூட மாட்டவில்லை. ஒன்றிரண்டு என்றால் தற்செயல் எனலாம். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். அப்போதும் இடதுதான்.

நான் பயந்துபோனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அவனுடைய லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தது நான்தான். அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒரு வரியும் அதில் வேண்டும். அவன் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு விஜயவாடாவில் இருந்தான். எங்கள் ஆபீசில் டாக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட தாள்கள் ஒரு கட்டு எப்போதும் மேஜை டிராயரில் கிடக்கும். எல்லா ஆபீசிலும் கிடக்கும் என்று சொல்லிக்கொள்வோம். ஒன்றை உருவி, இரண்டு கண்ணும் சரி என்று என் கையாலேயே நிரப்பினேன். ஃபோட்டோ எடுக்க மட்டும் அவன் அரை மணி நேரம் வந்துவிட்டுப் போனான். அவன் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவனைச் சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். நீ வராவிட்டால் உன் மனைவியையே இழுத்துவரச் சொல்வேன் என்றதும் வந்தான். ஏதோ ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீண்ட நேரம் பொத்தான் சத்தமே வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

டாக்டர் அம்மா வளைத்துப் பேசவில்லை. கண்ணில் நீரழுத்தம். இடது கண்ணில் கொஞ்சம்தான் மிச்சம். வலது கண்ணும் மூக்குப் பக்கத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டவே கூடாது. சொல்லிவிட்டு, கடைசியாக எப்போது கண் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"போன வருசம் லைசென்ஸுக்குப் பாத்தாங்க. நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாங்க" என்றான் அவன், என் பக்கம் திரும்பாமலே.

டாக்டர் அம்மா நெற்றியைச் சுருக்கினார். ஒழுங்காகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், அப்போதே மருந்து தொடங்கியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை.

வெளியே டீக்கடையில் அவன் பேச்சை எடுத்தான்.

"மாப்ள, உன்னை நான் காட்டிக் குடுக்கல. என்னை நீ காட்டிக் குடுக்காத. பாப்பாவுக்கு ஒரே ஒரு வருசம்தான் பாக்கி, படிப்பு முடிஞ்சிரும். பொறவு நானே எறங்கிக்கறேன்."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மகள் படிப்புக்காகச் சொன்னேனா, என் வேலைக்காகச் சொன்னேனா என்று கேட்டால், இரண்டாவதுதான். அவன் மனைவியிடம், அவனுக்குப் பவர் கூடியிருக்கிறது, கண்ணாடி போட்டால் சரியாகும் என்று சொன்னோம். நல்லவேளை சாமி என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாளே அவன் லோடுக்குப் போய்விட்டான். குழுவில் பழையபடி எகத்தாளம். மற்ற இருவருக்கும் எதுவும் தெரியாது. கொம்பூதி குழியில் விழுந்தான், பண்ணைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். டிரைவரும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டான். கொம்பூதி விழுவதை நிறுத்தினால் தேவலாம் என்று வேண்டிக்கொண்டேன். அவனோ முன்னைவிட அடிக்கடி விழுந்தான். டீ குடிக்கப் போயிருக்கான் என்று எழுதும் முறை எனக்கு வந்தபோதெல்லாம் எழுதினேன். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

எந்நேரமும் அவன் வண்டி எங்கே போகிறது என்ற நினைப்பாகவே இருந்தது. லாரி விபத்து என்று டிவியில் சொன்னால் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று எழுந்து கிட்டப் போய்ப் பார்ப்பேன். அவனுடையது இல்லை என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கும். செத்தது யாரோ என்றாலும் இறங்கும். அப்படி ஆகிவிட்டேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பி, புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டின் ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டக் காத்திருந்தேன். பள்ளிக்கூட நேரம். பக்கத்தில் மூன்று பெண் பிள்ளைகள் சைக்கிளோடு நின்றார்கள், ஒருத்தியின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேலம் பக்கமிருந்து அவன் வண்டி வந்தது. முகப்பில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி ஆட்டினேன்.

வண்டி வேகமாகக்கூட வரவில்லை. அவன் நேராக, நிதானமாக, எதையும் கவனிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். இடது டயர் தாரைவிட்டு இறங்கி மண்ணுக்கு வந்துவிட்டது. நான் பைக்கைப் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் சைக்கிள் கேரியரைப் பிடித்து இழுத்தேன். மூவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். சக்கரம் நின்ற இடத்தில் லாரி ஏறிப் போனது. ஹாரன் இல்லை, பிரேக் இல்லை. மேலே மண் அப்பிய பிள்ளைகள் முதலில் என்னைத்தான் திட்டினார்கள்.

அங்கேயே நின்று அவனுடைய ஓனருக்கு ஃபோன் போட்டேன். அவன் கண் நிலைமையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போன வருசம் சர்ட்டிபிகேட்டு உங்க ஆபீசுல வாங்குனதுதானுங்களே?"

"ஆமாங்க. நாந்தானுங்க எழுதுனேன். யாரும் டெஸ்ட்டு பண்ணலீங்க."

நாமக்கல் குடோனிலேயே அவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். அதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்று சாயந்தரமே ஓனர் எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டார், என் வேலை போய்விட்டது. அது போகட்டும்.

மறுநாள் காலையில் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரிப் பேசினான். ஒரு வருசம்தானே கேட்டேன், என் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே, உன் பேரைச் சொல்லாமல் மறைத்தேனே, உன் புத்தியைக் காட்டிவிட்டாயே என்றான். எல்லாம் நியாயம்தான். அவனைப் பேச விட்டேன். மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோது சொன்னேன்.

"நேத்து காலையில புதுச்சத்திரத்துல ரோட்டோரம் நின்னேன்டா. உனக்குக் கை காட்டுனேன்."

"பொய் சொல்லாத. அங்க ஒரு ஈ காக்கா இல்ல."

"சைக்கிளோட பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மூணு பேரும் என்ற பக்கத்துல நின்னாங்க. உன்ற வண்டி மண்ணுல எறங்கி வந்துச்சு. ஒருத்திய இழுத்துத்தான் காப்பாத்துனேன்."

அவன் என்னையே பார்த்தான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏதோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவன்போல உதடு அசைந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பிள்ளைகளா?" என்றான்.

ஆமாம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டான்.