இன்னும் எதைத் தேடுகிறார்?

அறுபதுகளில் அந்தமானின் லாங் ஐலண்டில் சொக்கலிங்கத்தின் வேலை, காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி தேடுவது. ஒன்று கண்ணில் பட்டதும் அடுத்த ஸ்லைடை வைத்துவிடுவார். மழைக்காலத்தில் ஸ்லைடுகள் குவிந்து கிடக்கும். ஒரு திருடன் அகப்பட்ட பிறகு கூட்டாளியை யார் தேடுவார்?

மரம் வெட்டும் மிக்கேலின் ரத்தத்தில் சாதாரண மலேரியாக் கிருமி தெரிந்தது.

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லம்மா. மாத்திரையே போதும், போர்ட் பிளேர் பெரியாஸ்பத்திரிக்கெல்லாம் போக வேணாம்" என்று அவன் மனைவி லூசியிடம் சொன்னார். கப்பல் மிக்கேலை ஏற்றாமல் போயிற்று. அடுத்த கப்பல் வருமுன் வலிப்பு கண்டு, நினைவு தப்பி, அவன் செத்துப்போனான்.

அடக்கத்துக்குப் போய்வந்த சொக்கலிங்கம் அதே ஸ்லைடை மறுபடி வைத்தார். கொஞ்சம் நகர்த்தியதுமே பிறை பிறையாகத் தெரிந்தது இன்னோர் இனக் கிருமி. மூளைக்கு ஏறிக் கொல்வது அதுதான்.

அதன்பின் கிருமி கிடைத்தாலும் அவர் நிறுத்துவதில்லை. ஸ்லைடின் மறுகோடிவரை போவார்.

ஒருநாள் லூசியே குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தாள்.

"ஜல்தி பாருங்க சார். இன்னும் கிருமி கிடைக்கலையா?"

"கிடைச்சிருச்சும்மா."

"அப்புறம் எதைத் தேடுறீங்க?"

சொக்கலிங்கம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.